ஒத்தைப்பிரதி

அக்காவின் கணவரான என் அத்தானை அவர் ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'ஒத்தைப்பிரதி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். ஒரே காகிதத்துக்கு இரண்டு நகல் வந்தால், தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடுவதுதான் அவர் உத்தியோகம். அந்த ஆபீசில் அவர் கிழித்த காகிதத்தைக் கொண்டு ஒரு மலையே கட்டலாம்.

வீட்டிலும் அதே புத்திதான். 'ஒண்ணுக்கு ரெண்டு எதுக்கு?' என்பார். நான் தையல்காரி, பக்கத்துத் தெருவில் கடை. ஒரு முறை அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த என் கத்தரிக்கோலை, 'ஏற்கெனவே ஒண்ணு இருக்கு' என்று யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். சிரித்துக்கொண்டே போய்ப் புதிதாக வாங்கிக் கொடுத்தார். ஒன்றுதான் வாங்கினார்.

அந்த வீட்டில் அவர் கை வைக்காத இரட்டிப்பு ஒன்று இருந்ததென்றால், அது அக்காவின் பாட்டு.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். வாரக் கடைசியில் ஒரு பாட்டுக் குழுவில் பாடுவாள். குழுத் தலைவர் வெறும் வாத்திய இசையை மட்டும் பதிந்து கொடுப்பார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து பாடுவாள். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். கேட்டுப் பார்ப்பாள், உதட்டைச் சுழிப்பாள், மறுபடி பாடுவாள். ஒரு பாட்டை நாற்பத்து மூன்று தடவை பாடியிருக்கிறாள். எதையும் அழிக்க மாட்டாள்.

"தப்பைத் தூக்கிப் போட்டுட்டா எங்க தப்பு பண்ணினேன்னு எப்படித் தெரியும்?" என்பாள்.

ஹெட்போன் அவள் காதில் இருப்பதால் எங்களுக்கு இசை கேட்காது. கூடத்தில் நிசப்தமாக இருக்கும். திடீரென்று அவள் மூச்சை இழுக்கிற சத்தம், அடுத்த நொடி குரல். அத்தான் செய்தித்தாளைப் படிப்பதுபோல் பாவலா பண்ணிக்கொண்டு அந்த மூச்சுக்காகவே உட்கார்ந்திருப்பார். தாளில் ஒரு பக்கம்கூடப் புரளாது. நான் கிண்டல் பண்ணினால் காது சிவந்துவிடும்.

அந்தத் தொண்டைக்குத்தான் நோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். நாள் முழுக்க 'வணக்கம், யாருடன் பேச வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கதி. நான் ஒரு வாரம் சாப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் யாரும் பாட்டு வைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவளாகவே பலகையில் எழுதினாள்: 'நான் பாடினா எப்படி இருக்கும்னு மறந்துபோகுது. கேக்கணும்.'

அத்தானுக்கு அன்றைக்கு வந்ததே ஒரு வேகம்! ஓய்வு பெற்று முடங்கிக் கிடந்தவர் எழுந்துவிட்டார். வீட்டுக்கென்று தனியாக ஒரு பாட்டு சர்வர் வைப்பது என்று முடிவு. எல்லாப் பாட்டும் ஒரே பெட்டியில் இருக்கும். சமையலறையோ படுக்கையறையோ, அவள் கைபேசியில் தொட்டால் அந்த அறையில் பாடும். மூன்று மாசம் அலசினார். ஒரு பெட்டியில் காற்றாடி இரைகிறதாம், வேண்டாம். இன்னொன்றில் எழுத்து பொடி, அவள் கண்ணுக்கு ஆகாது. கடைசியில் சத்தமே போடாத கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் இரண்டு டிஸ்க். எதை வைத்தாலும் இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும்.

"அட, நீங்களா ரெண்டு வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"இது வேற விஷயம்மா" என்றார்.

அவருடைய பழைய ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்துதான் பெட்டியை மாட்டிக் கொடுத்தார். போகும்போது படித்துப் படித்துச் சொன்னார்: "சார், மேடத்தோட பாட்டை மட்டும் வெளியில தனியா ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க."

"அதான் உள்ளயே ரெண்டு இருக்கே. மூணாவது எதுக்கு?" என்று அனுப்பிவிட்டார்.

அக்காவின் பதிவுகள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் முதலில் ஏற்றினார், அவற்றின் வாத்திய இசை பதினொன்றோடு சேர்த்து. பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பிறகு அலமாரியில் இருந்த சிடிக்களையெல்லாம் ஏற்ற ஆரம்பித்தார். ஒரே பாட்டு நாலு சிடியில் வந்தது. அப்போது சர்வரே கேட்டது: ஒரே மாதிரிப் பதிவுகள் நிறைய இருக்கின்றன, தரமானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவா?

முப்பத்தொரு வருஷம் இதே கேள்விக்குச் சம்பளம் வாங்கியவர். பட்டியலில் முதல் இரண்டு பக்கம் பார்த்தார், எல்லாம் சிடிப் பாட்டு. 'அனைத்தையும்' என்று அழுத்திவிட்டார். அப்புறம் மூன்று நாள், மிச்சமிருந்த சிடிக்களை ஏற்றிக் காலியான இடமெல்லாம் நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் வரச் சொன்னார்கள். அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்பத்து மூன்று தடவைப் பாட்டைத்தான் தொட்டாள். இசை புறப்பட்டது. குரல் வரவேண்டிய இடம் வந்தது. குரல் வரவில்லை. இசை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அத்தான் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். அக்கா இன்னொரு பாட்டைத் தொட்டாள். அதிலும் வெறும் இசை. அவர் கைபேசியை வாங்கிப் பட்டியலைப் பார்த்தார். அக்காவின் பெயருக்கு நேரே பதினொன்று என்று இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெயரும் ஒன்று, நீளமும் ஒன்று. அதனால் எல்லாம் ஒரே பாட்டு என்று அந்தப் பெட்டி முடிவு கட்டிவிட்டது. அதில் தரமானது எது? குழுத் தலைவர் துல்லியமாகப் பதிந்து கொடுத்த, குரலே இல்லாத வாத்திய இசைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அது இதுதான்.

"இரண்டாம் நகல்னு எங்க அக்காவையே கிழிச்சுப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ரெண்டு டிஸ்க் வாங்கினேனே…" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டில் இருந்தும் ஒன்றாகவே அழிந்திருந்தது.

அக்கா பலகையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'அவரைத் திட்டாதே.' எழுத்து கோணலாக இருந்தது.

அழிந்ததை மீட்கும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெண் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, மேலேயே புதுப் பாட்டு எழுதிவிட்டதால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றாள். குழுத் தலைவரிடம் இருந்த மேடைப் பதிவுகளில் இருபது குரல் சேர்ந்து கேட்டது. அதில் அக்காவை எங்கே தேடுவது? கைபேசியில் அவள் பேச்சு நாலைந்து கிடந்தது, 'வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க' என்கிற மாதிரி. பாட்டு ஒரு வரிகூட இல்லை.

ஒரு மாசம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. கோபம் பாதி, வெட்கம் பாதி. பிறகு மனசு கேட்காமல் போனேன். கதவு திறந்தே இருந்தது, உள்ளே வெறும் இசை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், பேசாதே என்று கையால் காட்டினார்.

குரல் நுழைகிற இடம் நெருங்கியது. அக்காவின் கை நின்றது. அவள் கழுத்துத் துளையில் காற்று உள்ளே போகிற சத்தம் கூடம்வரை கேட்டது. அதன்பின் இசை மட்டும்தான்.

"கேட்டியாம்மா? மூச்சைச் சரியான இடத்துல எடுக்கறா" என்றார் அத்தான் மெதுவாக. கண் இரண்டும் கலங்கியிருந்தன.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பாட்டில் இன்னும் நாலு இடத்தில் அவள் மூச்செடுக்க வேண்டும், நாலையும் கேட்டோம்.