பனி வாரிய பத்து மரங்கள்

ஆர்லீன் பெல்கிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அமெரிக்காவின் வெர்மாண்டில் நாற்பது வருடமாக மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிறவள். பனி மண்ணுக்குப் போர்வை என்று அவளுக்குத் தெரியாதா? மரத்தடிப் பனியை வாரிப் போடச் சொல்லித் தோழி நோலா வந்த முதல் நாளே கேட்டுவிட்டாள்.

“போர்வைய உருவிட்டா வேர் வெறைச்சுப் போகாதாடி?”

“உன் மரமெல்லாம் என்ன சவலைப் பிள்ளைங்களா? ஒண்ணும் ஆகாது, வாரு” என்று சிரித்தாள் நோலா. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. நோலா இப்போது பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறாள்; வாரச் சொன்னதும் அதற்காகத்தான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆர்லீன் நாலு குளிர்காலம் இடுப்பொடிய வாரினாள். அதுவும் எந்த மரங்களின் அடியில்? மார்ச்சில் முதல் சாறு தரும் பத்து மரங்களின் அடியில்! நோலா கேட்டது அவற்றைத்தான். வாரிய பனியிலேயே சூடான பாகை ஊற்றி மிட்டாயாக இறுகவைத்து, ஊர் வழக்கப்படி டோனட்டும் வெள்ளரி ஊறுகாயுமாக இருவரும் தின்று சிரித்ததும் உண்டு.

நாலாவது மார்ச்சில் அந்தப் பத்திலும் வாளியின் அடி நனையவில்லை. மே மாதம் காடெல்லாம் துளிர்த்தபோது அவற்றின் உச்சிக் கிளைகள் மட்டும் மொட்டையாக நின்றன.

அதே மாதம் ஊர்க் கூடத்தில் நோலா பேசினாள். திரையில் ஆர்லீனின் மரங்கள். பனி குறைந்தால் மண் உறைகிறது, மெல்லிய வேர்கள் சாகின்றன, அவை உறிஞ்ச வேண்டிய சத்து ஓடையில் கரைந்து போகிறது.

“எல்லாம் நாங்க எதிர்பார்த்தபடியே” என்றாள்.

எதிர்பார்த்தபடியே! ஆர்லீன் எழுந்து அவள் பின்னாலேயே போனாள். வாசலிலேயே அவளை மடக்கினாள்.

“தெரிஞ்சேதான் வார வெச்சியா?”

“சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? உலகம் சூடாகுதுடி. நாளைக்கு எல்லாக் காட்டுக்கும் வரப்போறத யாராவது முன்னாடியே பாக்கணுமில்ல?”

“அதுக்கு என் மரந்தான் கெடச்சுதா? என் கையாலயே கொல்ல வெச்சியேடி, பாவி!”

அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த ஜனவரியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, கிடந்த பனியையெல்லாம் கரைத்தது. பின்னாலேயே கடுங்குளிர் வந்தது. ஆர்லீன் காட்டுக்குள் போய்க் குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தாள். முந்நூறு மரங்களின் அடியிலும் மண் கல்லாகக் கிடந்தது. இந்த முறை யாரும் வாரவில்லை.

கொட்டகையிலிருந்த வைக்கோலையெல்லாம் இழுத்துவந்து வேர்களின் மேல் பரப்பினாள். ஏழு மரத்தோடு தீர்ந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் எட்டு மாதத்துக்குப் பிறகு நோலாவைப் போனில் கூப்பிட்டாள்.

“ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுடி.”

இந்த முறை நோலா அதைச் சொல்லவில்லை.