ஸ்டெல்லா போகாமலிருக்க ஒரு திற்பரப்புப் பயணம்

கொட்டாரத்தில் இருக்கும் என் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் பட்டறையை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாவிட்டால் தப்பு உங்கள் பேரில்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்கு எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறேன். என் சிப்ஸ் துபாய்க்குப் பறந்தபோது வாசம் தாங்காமல் பைலட்டே எழுந்து வந்து ஒரு கை அள்ளினாராம்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கேரளா ஆர்டர் மூன்று மடங்கு. அந்த நேரம் பார்த்து, பதினோரு வருஷமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் ஸ்டெல்லா வந்து, "அண்ணாச்சி, இந்த மாசத்தோட நின்னுக்கிடுதேன். அஞ்சுகிராமத்துல ஒரு கடையில கூப்பிட்டிருக்காவ" என்றாள். சம்பளம் கூட்டுகிறேன் என்றேன். "சம்பளம் இல்ல அண்ணாச்சி" என்று போய்விட்டாள். பட்டறைக்கு மூளை நான் என்றால் கை அவள். கை இல்லாமல் ஓணம் எப்படி?

பெங்களூரில் இருக்கும் மருமகனுக்குப் போன் போட்டேன். "மாமா, இதுக்குப் பேரு எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட். வேலை செய்யுதவங்க மனசு வேலையில ஒட்டணும். எல்லாரையும் டூர் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

ஞாயிறு என்றால் பாதிப்பேர் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். அதனால் செவ்வாய். பன்னிரண்டு சீட்டு வேன், டீசலோடு 5,500 ரூபாய். காலை 6.10-க்குக் கிளம்பினோம். டிரைவர் பாட்டைச் சத்தமாகப் போட்டதும் முன்சீட்டில் இருந்த ஸ்டெல்லா, "தம்பி, அதை அணைச்சுப் போடும். காது கொஞ்சம் ஓயட்டு" என்றாள். தலைவலி போல என்று நினைத்தேன்.

தக்கலையில் 7.15-க்குப் புட்டு, கடலை, பழம். பத்துப் பேருக்கு 780 ரூபாய். குலசேகரம் வழியாகத் திற்பரப்புக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், 8.40-க்குப் போய்ச் சேர்ந்தோம். அருவி ஐம்பதடி என்பார்கள். நம்பாதீர்கள். நான் கண்ணாலேயே அளந்தேன், இருநூறு அடிக்குக் குறையாது! தண்ணீர் தோளில் விழுந்ததும் என் வயசில் இருபது கழன்று ஓடிப்போனது.

குளித்து முடித்ததும் மருமகன் சொல்லித்தந்த விளையாட்டை ஆரம்பித்தேன். ஆளுக்கொன்று கம்பெனியைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும்.

காய்க்குத் தொலி உரிக்கும் மேரி எழுந்தாள். "சிப்ஸ் நல்லாயிருக்கும்."

"வேற?"

"சாயா தருவிய."

"வேற?"

"ரெண்டு நேரம் தருவிய."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் தலை துவட்டிக்கொண்டே இருந்தாள். டூர் வீண், 5,500-ம் 780-ம் அருவியோடு போச்சு என்று கணக்குப் போட்டேன்.

திரும்பும்போது 12.30-க்குக் குலசேகரத்தில் ஒரு சிப்ஸ் கடைப் பக்கம் வேனை நிறுத்தினோம். போட்டிக்காரன் சரக்கைப் பார்க்க வேண்டாமா! ஸ்டெல்லா கடை முன் அடுப்பில் இருந்த எண்ணெய்ச் சட்டிக்கு முதுகைக் காட்டி நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "கோரும்!" என்றாள். அதே நொடியில் கடைக்காரர் சிப்ஸை அள்ள ஜல்லிக்கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். விட்டவர் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, பாக்காமலே எப்படிச் சொன்னிய?"

"உப்புத்தண்ணி ஊத்தினதும் எண்ணெய் இரையும்லா. அந்த இரைச்சல் அடங்கி, சிப்ஸ் கலகலன்னு உரசும்போ கோரணும். காதுதான் கணக்கு."

"இங்க வேலைக்கு வாறியளா?"

என் எதிரிலேயே கேட்டான் ஐயா!

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "இவிய பட்டறையில இப்போ ஒண்ணும் கேக்காது. ரெண்டு மாசமா பாட்டுப் பெட்டி அலறுது. மூணு சட்டி கரிஞ்சிச்சு. எல்லாரு முன்னாலயும் என்னைய ஏசினாவ. பதினொண்ணு வருஷத்துல ஒரு சட்டி கரிச்சிருப்பேனா?"

வேலைக்காரர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி வாங்கிச் சட்டிக்கு நேர் மேலே மாட்டியது நான்தான். கரிந்ததற்கு அவளை ஏசியதும் நான்தான். எந்தக் கேள்விக்கும் ஒன்பது பதில் வைத்திருப்பவனுக்கு அன்று ஒன்றுதான் கிடைத்தது.

"தப்பு எனக்கதுதான் ஸ்டெல்லா."

"ஏட்டி, அண்ணாச்சி தப்புன்னு சொல்லிட்டாவ! போனுல புடி, புடி!" என்று மேரி கத்தினாள்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "நாளைக்கு வந்து பாக்கேன்" என்றாள்.

மறுநாள் அவள் வருமுன்பே பெட்டியைக் கழற்றிவிட்டேன். எட்டு மணிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். உப்புத்தண்ணீர் ஊற்றினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணாச்சி, சும்மா நில்லும். கேக்கணும்."

நின்றேன். சட்டி இரைந்து, அடங்கி, கலகலத்தது. கோரினாள். பொன் நிறம்! அப்புறம்தான் அஞ்சுகிராமத்துக்குப் போன் போட்டு, "நான் வரல்ல" என்றாள்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், ஒன்பதுக்குள் குளித்துவிடுங்கள், மாற்றுத்துணி எடுங்கள். விளையாட்டெல்லாம் வேண்டாம். அவர்கள் தொழில் நடக்கும் இன்னொரு கடை முன்னால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த முறையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், பெங்களூருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.