மண்ணணைக்கு மட்டம் பார்த்தவள்

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இஞ்சினியர் யாருமில்லை. ஆனாலும் ஒன்பது வயதில் நான் ஓர் அணைக்கு மட்டம் பார்த்திருக்கிறேன். அது இன்னும் உடையாமல் நிற்கிறது. நான் கைவைத்ததில் நிலைத்தது அது ஒன்றுதான்.

வெலிமடைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்கு மேலே ஒரு மரக்கறி முதலாளியின் காணி. அதில் ஓடிய ஓடையை மறித்து மண்ணணை கட்ட நினைத்தார் அவர். லயத்து ஆட்கள் மண் சுமந்தால், தன்னுடைய குழாயின் உயரத்திலேயே அவர்களுக்கும் ஒரு குழாய் வைப்பதாகச் சொன்னார். வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லாத ஞாயிறுகளில் லயமே சுமந்தது. அதிகம் சுமந்தவர் சித்தப்பா. லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டிருந்தார். அது பிழைத்தால் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டு குழாய்களுக்கும் மட்டம் பார்க்க, நீளமான ஹோஸில் தண்ணீர் நிரப்பினார்கள். வாய் திறந்திருந்தால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது வித்தை. ஒரு முனையைச் சித்தப்பா முதலாளியின் குழாயருகே பிடித்தார். எங்கள் பக்கத்து முனைக்கு முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாம்.

"தண்ணி சிந்தாம வாய பெருவிரலால அடைச்சிக்க மகள். இன்னுங் கொஞ்சம் தூக்கு."

முதலாளி என் முழங்கைக்குத் தன் கையையே முட்டுக்கொடுத்தார். அடைத்த ஹோஸுக்குள் தண்ணீரும் என்னோடு உயர்ந்தது. சரியா என்று சித்தப்பா தூரத்திலிருந்து கேட்க, சரி என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் காட்டிய இடத்தில் முளை அடித்துக் குழாய் பதித்தார்கள்.

மழை நாட்களில், யாருக்கும் தேவைப்படாதபோது, எங்கள் குழாய் தாராளமாக ஊற்றியது. வெயில் வந்து அணையில் நீர் இறங்கியதும் தண்ணீர் முதலாளியின் லீக்ஸ் பாத்திக்கு மட்டும் பாய்ந்தது. உங்கள் பக்கம் மேடு என்றார் அவர். மலைநாட்டில் அதை யார் மறுப்பது? போஞ்சி பூவோடு கருகியது.

கொழும்பு பஸ்ஸுக்குப் பையோடு நின்ற சித்தப்பா, அன்றைக்கு ஹோஸை எப்படிப் பிடித்தேன் என்று கேட்டார். பெருமையாகச் செய்து காட்டினேன்.

"பெருவெரல் எதுக்கு?"

"தண்ணி சிந்தாம இருக்க. மொதலாளி ஐயாதான் சொன்னாரு."

என் விரலை மெல்ல மடக்கி, கையைச் சற்றுநேரம் தன் கைக்குள் வைத்திருந்தார். "இத யார்கிட்டயும் சொல்லிறாத பாப்பா. அப்பாகிட்டகூட."

முதலாளி அவரை விட்டு என்னைக் கூப்பிட்டதில் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் கையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டவில்லை.