பல் செட்காரரின் இத்தாலிக் கார்

நல்ல பல் செட்டுக்கு இலக்கணம் ஒன்றுதான்: அது பல் செட் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. "ஆகா, என்ன அழகான பல் செட்!" என்று யாராவது பாராட்டிவிட்டால் செய்தவர் தோற்றுவிட்டார். என் அக்காவின் கணவர் முப்பத்துமூன்று வருடம் இந்தத் தொழிலைச் செய்தார். ஆகவே முப்பத்துமூன்று வருடம் அவரை யாரும் பாராட்டவில்லை. போன மாதம் அவர் இறந்தபோது வந்திருந்த கூட்டத்தில் குறைந்தது எட்டுப் பேர் அவர் செய்த பல்லோடு அழுதார்கள். விம்மி விம்மி அழுதும் ஒரு செட்கூட அசையவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அத்தான் மெழுகில் ஈறு வார்த்து, பல் வரிசை வைத்து, உலையில் வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். நோயாளி கண்ணாடியில் பார்த்துவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். டாக்டர் அதை அடக்கத்தோடு ஏற்றுக்கொள்வார். அத்தானுக்குப் பெயர் உண்டு என்பதே பல டாக்டர்களுக்குத் தெரியாது. "லேபுக்கு அனுப்பியிருக்கேன்" என்பார்கள். அந்த லேப் என்பது ஒரு மேஜை, ஓர் உலை, ஆறடி உயரத்தில் ஒரு மனிதர்.

அவர் பொய்யே பேசாதவர் என்று சாவு வீட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். அவரிடம் பல்லுக்குச் சொல்லிவைக்காத அதிர்ஷ்டசாலிகள். எப்போது கேட்டாலும் "நாளைக்குக் காலைல ரெடி" என்பார். அந்த நாளைக்காலைக்குக் காத்திருந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்தே மாதத்தை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். நாளைக்காலை வராததற்குக் காரணம் கார்.

வயதான பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டில் இருக்கப் புறப்பட்டார். அவருடைய கொட்டகையில் அறுபதுகளில் வந்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கோழிக்கூண்டாகப் பணிபுரிந்துகொண்டிருந்தது. அத்தான் அவர் குடும்பத்தில் நான்கு பேருக்குப் பல் செட் செய்து கொடுத்து, பதிலுக்கு அதை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே இருக்கை. அதில் ஒன்றில் இருக்கையைவிட ஸ்பிரிங் அதிகம். இன்னொன்றில் முட்டை இருந்தது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரே வருஷம். ரெடி பண்ணி வித்துடலாம்."

பல்லுக்குச் சொன்ன அதே நாளைக்காலைதான். பதினோரு வருடம் ஆயிற்று.

இன்ஜினை ஒரு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் அத்தானின் பல் மேஜையில் பிறந்தது. கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியை, பல்லைத் தாங்கும் கம்பிக்கான உலோகத்தில் வார்த்தார். பின்விளக்குக்கு ஈறு செய்யும் பிளாஸ்டிக். சாயத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் ஈறு விளக்காகிவிடுமாம். எல்லாம் முடிந்து சிவப்பாக, பளபளவென்று நின்றபோது ஏறி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. இத்தாலிக்காரர்கள் ஆறடிப் பல் செட்காரரை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை.

அந்த வீடு குறுகலான மாடி வீடு. கீழே ஷட்டர் போட்ட ஒரே அறை, அதற்குப் பின்னால் குளியலறை. குடித்தனம் மாடியில். கார் வந்த ஏழாவது வருடம் அக்காவின் இரண்டு முழங்காலும் போயின. இனிமேல் படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு வந்து, படி ஏறி வீட்டுக்குள் போனாள் அக்கா. வேறு எங்கே போவாள்? கீழ் அறையில் பல் மேஜை போக மீதி இடத்தில் கார் குடியிருந்தது.

இறங்கும்போது குழந்தையைப் போல ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். ஏறுவது அதைவிட மோசம். கொஞ்ச நாளில் இறங்குவதையே விட்டுவிட்டாள். அவளுடைய சிநேகிதிக்கும் முழங்கால் சரியில்லை. அந்த அம்மாள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் போனில் பேசுவார், அக்கா ஜன்னலில் நின்று குனிந்து பார்த்துப் போனில் பதில் சொல்வாள்.

"அது வெயில் படாம மழை படாம கீழ சொகுசா இருக்கு. எனக்கும் நாலு சக்கரம் இருந்திருந்தா இடம் குடுத்திருப்பீங்க," என்பாள் அத்தானிடம்.

"வித்த மறுநாளே உன் கட்டில் கீழதான்மா."

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். நாலு பேர் தூக்கி எறக்குவாங்க. அதுக்கு முழங்கால் தேவையில்ல."

அதற்குப் பிறகுதான் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். நிஜமாக வாங்க வந்தவர் ஒருவர்தான், பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் காந்தம். கீழே மண்டியிடுவதற்கென்றே மடித்த துணி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். துருப்பிடித்த தகட்டுக்குப் பதில் எங்கே பட்டி மாவு பூசியிருக்கிறது என்று காந்தம் சொல்லிவிடுமாம்.

அவர் வருவதற்கு முன்பே அக்கா மாடியிலிருந்து கடைசி எச்சரிக்கை விடுத்திருந்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததுக்கு வாயத் தொறக்காதீங்க. வேணும்னா நீங்க செஞ்சதுல ஒரு செட்ட எடுத்து மாட்டிக் கடிச்சிக்கோங்க." என்னிடம், "டேய் தம்பி, நீ அவர் பக்கத்துலயே நில்லு. ஏதாச்சும் பேச ஆரம்பிச்சா கால மிதி," என்றாள். மேல்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

தரகர் முக்கால் மணி நேரம் பார்த்தார். பின்விளக்கைத் தட்டிப் பார்த்து, "இது மாத்தினது," என்றார். அத்தான் ஒப்புக்கொண்டார். கைப்பிடியையும் கண்டுபிடித்தார். அதற்கும் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டும் தரகர் சொன்ன தொகை, நாங்கள் மூன்று பேரும் மனதுக்குள் நினைத்து வெட்கப்பட்டதைவிடப் பெரிதாக இருந்தது. மேல்படியில் அக்கா மூச்சுவிடுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்போதுதான் தரகர் கதவோரமிருந்த முக்கோணச் சின்னக் கண்ணாடியின் பக்கம் டார்ச்சைத் திருப்பினார். அதைத் திறந்து மூட விரல் நுனி அளவுக்கு ஒரு கொக்கி, பக்கத்துக்கு ஒன்று. டார்ச் அங்கேயே நின்றது.

"சார், இது எங்க கெடச்சுது உங்களுக்கு? இந்த மாடல்ல மொதல்ல ஒடையறதே இந்தக் கொக்கிதான். ஊர் ஊரா அலஞ்சிருக்கேன், முழுசா ஒண்ணுகூடப் பாத்ததில்ல. ரெண்டும் கம்பெனி கொக்கி சார்!"

அத்தானின் கழுத்து சிவந்தது.

"டிரைவர் பக்கத்துக் கொக்கியப் பாருங்க," என்று தரகர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஓரம் லேசாத் தேஞ்சிருக்கு. ஓட்டறவர் கட்டவெரல் பட்டுப் பட்டுத் தேஞ்சது. அந்தப் பக்கத்துக் கொக்கி தேயல, ஏன்னா அங்க எப்பவாச்சும்தான் ஆள் உக்காருவாங்க. ஆயிரம் பண்ணலாம் சார், இத எவனாலயும் போலியாப் பண்ண முடியாது."

நான் அத்தானின் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"நான் பண்ணேன்," என்றார் அத்தான்.

"எத?"

"ரெண்டையும். பல்லுல முன்பல் ஒண்ண லேசாத் தேச்சு வெப்போம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா செட்டுன்னு தெரிஞ்சிடும். அதே மாதிரிதான் இதுவும். மெழுகுலயே கட்டவெரல வெச்சுத் தேச்சேன். என் வெரல்தான்." கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

உண்மையின் மேல் அவருக்குத் திடீரென்று பிறந்த பற்று என்று இதை யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். அன்று காலையில்கூட இரண்டு கிளினிக்குகளுக்கு "நாளைக்குக் காலைல" சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவர் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். யார் செய்தது என்று தெரியாமல் அவர் திரும்பிப் போவதை அத்தானால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

தரகரின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு அவர் கண்ணுக்குக் காரில் எதுவுமே அசலாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைச் சுரண்டினார். "இதும் நீங்களா?"

"ஐயோ, அது கம்பெனி."

"இந்த மீட்டர்?"

"அதும் கம்பெனிதாங்க."

"அப்படித்தான் சொல்வீங்க," என்றார், ஐந்து நிமிடத்துக்கு முன் அத்தான் ஒருவர்தான் உண்மை பேசினார் என்பதை மறந்து. கடைசியில் முதலில் சொன்னதில் பாதிக்கும் கீழே வந்து நின்றார்.

"அந்த வெலைக்கு வேண்டாம்," என்றார் அத்தான். "பதினோரு வருஷம் உழைச்சிருக்கேன்."

மேலிருந்து ஒரு சத்தம். அக்கா ஒரு படி உட்கார்ந்து இறங்கினாள். இன்னொரு படி. தரகர் டார்ச்சை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவள் கடைசிப் படிக்கு வந்துசேரும்வரை நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பாதி வெலை காருக்குங்க," என்றாள் அத்தானிடம். "மீதிப் பாதியத்தான் நீங்க இப்ப பாராட்டா வாங்கிக்கிட்டீங்களே. நான் மேல இருந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன். நல்லாதான் சொன்னாரு. போதும், சாவியக் குடுங்க. நான் திரும்பி ஏறமாட்டேன்."

ஏறவும் இல்லை. கார் அன்று மாலையே போயிற்று. கட்டில் வரும்வரை பல் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சிநேகிதி உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கையில் போனோடு பேசினார்.

இது நடந்து நான்கைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அத்தான் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே கார். வேறு யாரோ விற்கிறார்கள். தரகர் இதற்குள் கைமாற்றிவிட்டிருக்கிறார். விலை நாங்கள் விற்ற தொகையைப் போல் மூன்று மடங்கு. "நூறு சதவீதம் அசல் பாகங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"போன் பண்ணி உண்மையச் சொல்லிடாதீங்க," என்றாள் அக்கா.

"சேச்சே," என்று சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரையும் போட்டார். "சார், விளம்பரம் பாத்தேன். அந்த முக்கோணக் கண்ணாடிக்கு ஒரு கொக்கி வருமே..."

"இருக்கு சார், ரெண்டுமே இருக்கு," என்றது ஓர் இளம் குரல். "கம்பெனி கொக்கி. பாக்க வர்றவங்க எல்லாம் அதத்தான் மொதல்ல போட்டோ எடுக்கறாங்க. அந்த மாதிரி வேலை செய்ய இன்னிக்கு யாரு சார் இருக்கா?"

"அப்படியா," என்றார் அத்தான். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதுமா?" என்றாள் அக்கா.

"டிரைவர் பக்கம் தேஞ்சிருக்கே, அதப்பத்தி அவன் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

அக்கா காலை மெல்ல இழுத்துக்கொண்டு கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள். "உக்காருங்க. போனத் திரும்பப் போட்டுக் கேளுங்க."