ரோஸ் கலர் விளக்கு

கணவர் இறந்த பிறகு சேலையூர் வீட்டில் தனியாக இருக்கிறேன். யாராவது வந்து, "சார் இல்லையா?" என்று கேட்டால், "வெளியே போயிருக்கார், வந்துடுவார்" என்பேன். பாதுகாப்புக்குத்தான்.

கொரியாவில் வேலை பார்க்கும் மகள் வித்யா போன வருஷம் என்னை அங்கே அழைத்துக்கொண்டாள். கியோங்ஜு என்ற பழைய ஊரில் புத்தர் கோயில்களுக்குக் கூட்டிப்போனாள். எதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் நிற்கச் சொன்ன இடத்தில் போட்டோவுக்கு நின்றேன்.

ஒரு கோயில் முற்றத்தில் காகித விளக்குகள் வரிசையாகத் தொங்கின. பெயர் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை விளக்கில் கட்டுவார்களாம். நம்மூர் அர்ச்சனை மாதிரி என்று நினைத்து, அவர் பெயரைத் தமிழிலேயே எழுதி, ரோஸ் கலர் விளக்கைக் காட்டினேன்.

அங்கிருந்த பெண்மணி வித்யாவிடம் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறீங்களான்னு கேக்கறாங்கம்மா. கலர் விளக்கு உயிரோட இருக்கறவங்களுக்காம். இறந்தவங்களுக்கு வெள்ளை. அது அந்தப் பக்கம் இருக்கு."

"இதுலயே இருக்கட்டுமே" என்றேன்.

"அம்மா" என்றாள்.

சீட்டை வாங்கிப் போய் நானே வெள்ளை விளக்கில் கட்டினேன். முடிச்சு சரியாகத்தான் விழுந்தது. அப்போதும் அழுகை வரவில்லை.

ஊர் திரும்பிய வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், "சார் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இறந்துட்டார்ப்பா" என்றேன்.

இப்போது எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். சொல்லி அனுப்பிவிட்டு, கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்கிறேன்.