படுத்தே வளர்ந்த ஐந்து கன்றுகள்

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை நாற்றுமேடை என் பொறுப்பு. நான் ஊன்றுகிற தேயிலைத் தண்டு பட்டுப்போவது அபூர்வம். அந்தப் பெயரே எனக்கு வினையாக வந்தது.

பங்களா வாசலில் உயரமாக ஒரு மரம், கிளைகளைத் தட்டுத் தட்டாக விரித்துக்கொண்டு நிற்கும். அதே மரம் பாதையின் இருபக்கமும் வேண்டும் என்றார் தோட்டத்து மேலாளரான தொரை. என்ன மரம் என்று கேட்டேன். கிறிஸ்மஸ் மரம் என்றார். கங்காணி சவுக்கு என்றார். செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியில் படம் பிடித்துப் பார்த்தால் மூன்று படத்துக்கு மூன்று பெயர் காட்டியது.

பெயர் தெரியாமலே, கைக்கெட்டிய கிளைகளில் நாற்பது துண்டு வெட்டி மண்பைகளில் ஊன்றி, பொலித்தீனால் மூடினேன். ஏழு மாதம் அசைவில்லை. ஒவ்வொன்றாகப் பழுத்துக் காய்ந்து, கடைசியில் ஐந்து மட்டும் வேர் பிடித்தன. வேரைக் கண்ட அன்றைக்கு வேலை முடிந்தும் அவற்றை விட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஆனால் துளிர் விட்ட ஐந்தும் மேலே போகாமல் பக்கவாட்டில் படுத்து வளர்ந்தன. குச்சி நட்டுக் கட்டினேன். அவிழ்த்தால் மறுபடி சாய்ந்தன. தண்ணீர் அதிகம் என்றார்கள், வெயில் போதாது என்றார்கள். எல்லாம் செய்து பார்த்து அலுத்துப்போய், ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பூச்செடிப் பண்ணை வைத்திருக்கிற அம்மா இலையைத் தடவிப் பார்த்ததுமே அரகேரியா என்றார். பைனும் இல்லை, சைப்ரஸும் இல்லையாம்.

"எங்கருந்து வெட்டுனீங்க?"

"பக்கவாட்டுக் கிளையிலங்க."

"அப்ப இது எப்பவும் கிளையாத்தான் வளரும். நேரா வரணும்னா உச்சிக் கொழுந்துல வெட்டணும், இல்லாட்டி விதை போடணும்."

இந்த ஒரு வார்த்தையை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

உச்சியை வெட்டினால் மரத்தின் அழகே போய்விடும், வெட்டக் கூடாது என்றார் தொரை. விதைக்குக் காத்திருக்கவும் முடியாதாம். அடுத்த வாரம் அவர் வரவழைத்த கன்றுகள் லொறியில் வந்து இறங்கின. இலையைக் கிள்ளி மோந்து பார்த்தேன். சைப்ரஸ்.

"இது அந்த மரம் இல்லைங்க தொரை."

"பச்சையா, கூம்பாத்தானே இருக்கு. நட்டுருங்க."

குழி வெட்டி நானே இரண்டு வரிசையாக நட்டேன். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.