பிஸ்கட் தின்று பின்னால் வந்த நரி

அடையாறில் மெஸ் வேலையை விட்டுவிட்டு, சாயங்காலம் தட்டும் பையுமாக நடந்துகொண்டிருந்தேன். காடுபோல அடர்ந்த ஒரு பெரிய தோட்டத்து மதிலோரம் எலும்பும் தோலுமாக ஒரு நாய். என்னைப்போல பட்டினி என்று நினைத்து பிஸ்கட் போட்டேன். தின்றுவிட்டு என் பின்னாலேயே வந்தது. திடீரென்று ஒரு வீட்டு கேட்டுக்கு அடியில் நுழைந்து, அங்கே படுத்திருந்த பூனைமேல் பாய்ந்தது.

"ஐயோ, நரி! என் ரோசி!" என்று அலறினார் அந்த வீட்டு டீச்சரம்மா.

தட்டால் கேட்டை ஓங்கி ஓங்கி அடித்தேன். நரி மிரண்டு ஓடியது. ரோசி தென்னைமரத்தில் ஏறியிருந்தது.

என் பையில் நீட்டிக்கொண்டிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தார் டீச்சரம்மா. "விருந்து வெச்சு வீட்டுக்கே கூட்டிட்டு வந்தியாப்பா?"

"நாய்னு நெனச்சேம்மா. பசியோட கீதேன்னு..."

திட்டிக்கொண்டே எனக்கும் இரண்டு தோசை வைத்தார்.

அன்றிலிருந்து அந்த மதிலோரம் எதற்கும் தீனி போடுவதில்லை. மறுநாள் காலை, கேட்டுக்கு அடியில் செங்கல் வைத்து அடைக்கும் வேலை எனக்கே கிடைத்தது. ரோசிதான் மேஸ்திரி.